மூச்சுப் பயிற்சி எச்சூழலில் பயன்தரும்?

சீனாவின் பண்டைய மூச்சுப் பயிற்சியான சீகோங் இன்று கைத்தொலைபேசித் திரையினூடாக நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்திருக்கின்றது. நீரிழிவு, குருதியமுக்கம், மூட்டுவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என எதைப் பற்றித் தேடினாலும் அதற்கென ஒரு மூச்சுப் பயிற்சிக் காணொளி கிடைக்கின்றது. பயிற்சியைத் தொடங்குவோர் பலர். ஒரு மாதம் கழிந்த பின்னரும் அதனைத் தொடர்வோர் சிலரே. பயன் காணாதவர்கள் பயிற்சியே பொய் என்கின்றனர். பயிற்றுவிப்போரோ, செய்தவர் முறையாகச் செய்யவில்லை என்கின்றனர். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையில் முக்கியமான கேள்வியொன்று கேட்கப்படாமலே போய்விடுகின்றது. அப்பயிற்சி பலன் தருவதற்கு வேண்டிய சூழல் அவருக்கு வாய்த்திருந்ததா என்பதே அக்கேள்வியாகும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில், வாவியும் கடலும் வயலும் சூழ அமைந்துள்ள வாழைச்சேனையைப் பொறுத்தவரை இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீதிகளில் வாழும் இப்பிரதேசம் மூன்று தசாப்த கால யுத்தத்தைக் கண்டது. 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரு சமூகங்களுக்கும் இடையிலான வன்செயலைக் கண்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் இப்பிரதேசத்தின் கரையோரக் கிராமங்களைத் தாக்கியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இடம்பெற்ற குண்டுத் தாக்குதலுக்குப் பின்னர் அயலவர்களுக்கிடையே மீண்டும் அச்சம் படர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மீனவரின் எரிபொருளையும் விவசாயியின் உரத்தையும் பறித்தது. இத்தகைய மண்ணில் வாழும் மக்களுக்கு மன அமைதிக்கான பயிற்சிகள் மற்றெவரையும் விட அதிகமாகத் தேவைப்படுகின்றன. அதே வேளை, அப்பயிற்சிகள் வேரூன்றுவதற்கான சூழல் இங்கு எளிதில் அமைவதுமில்லை. இவ்விடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீகோங் என்பது யாது?

‘சீ’ என்பது மூச்சு, உயிர்விசை எனப் பொருள்படும் சீனச் சொல். நம் மரபில் பிராணன் என்பதற்கு அது நெருக்கமானது. ‘கோங்’ என்பது இடைவிடாத உழைப்பினால் கைவரும் திறமையைக் குறிக்கும். ஆகவே, மூச்சை உழைத்துப் பண்படுத்தும் கலை எனச் சீகோங்குக்குப் பொருள் கூறலாம். மெதுவான உடலசைவு, சீரான மூச்சு, ஒருமுகப்பட்ட மனம் ஆகிய மூன்றும் இதில் இணைகின்றன.

பயிற்சி மிகப் பழையது. சீனாவின் ஹூனான் மாகாணத்திலுள்ள மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973ஆம் ஆண்டில் அகழப்பட்டது. அங்கு கிடைத்த பட்டுத் துணியில், உடற்பயிற்சி நிலைகளில் நிற்கும் 44 மனித உருவங்கள் தீட்டப்பட்டிருந்தன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஹுவா தூவோ என்ற வைத்தியர் புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவுகளைக் கொண்டு பயிற்சியொன்றை வகுத்ததாகச் சீன வரலாறு கூறுகின்றது.

பயிற்சி பழையதாயினும் அதற்கு இன்று வழங்கும் பெயர் அண்மைக் காலத்தது. வயிற்றுப்புண்ணால் வருந்திய லியூ குய்ஜென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் கிராமத்து மூச்சுப் பயிற்சியொன்றினால் குணமடைந்தார். அதனை மத, மந்திரச் சாயல்களிலிருந்து பிரித்தெடுத்துச் சிகிச்சை முறையாக்கும் பணி 1940களின் இறுதியில் அவரைக் கொண்டு தொடங்கியது. சீகோங் என்ற சொல் இன்றைய பொருளில் நிலைபெற்றது அப்போதுதான். 1956இல் பெய்தாய்ஹ என்ற கடலோர நகரில் சீகோங் சிகிச்சை இல்லமொன்று நிறுவப்பட்டது. கலாசாரப் புரட்சியின்போது ஒடுக்கப்பட்ட இப்பயிற்சி 1979இன் பின்னர் பெருவெள்ளமாகப் பரவியது. தொலைவிலிருந்தே நோய் தீர்ப்பதாகக் கூறிய போலிக் குருமாரும் அவ்வெள்ளத்தோடு வந்தனர். 1999இல் பாலுன் கோங் இயக்கத்தைச் சீன அரசு தடைசெய்தது. அதன் பின்னர், அரச விளையாட்டு நிர்வாகத்தின் கீழ் பழைய பயிற்சித் தொகுதிகள் நான்கு சீரமைக்கப்பட்டு மக்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அவற்றுள் ‘பாதுவான்ஜின்’ எனப்படும் எட்டு அசைவுகள் கொண்ட தொகுதி உலகெங்கும் பரவியுள்ளது. நின்ற நிலையில் கால் மணி நேரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய எளிய பயிற்சி அது.

ஆய்வுகள் கூறுவன

சீகோங், தாய்ச்சி ஆகிய பயிற்சிகள் பற்றிய விரிவான மீளாய்வொன்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. 77 ஆய்வுக் கட்டுரைகளையும் 6,410 பங்கேற்பாளர்களையும் உள்ளடக்கிய அம்மீளாய்வு, எலும்பின் உறுதி, இதய நலம், உடற்சமநிலை, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் நன்மை தென்படுவதாகக் கூறியது. பார்க்கின்சன் நோயாளர் 195 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தாய்ச்சிப் பயிற்சி அவர்களது சமநிலையைச் சீராக்கி விழுதல்களைக் குறைத்ததைக் காட்டியது.

இதற்கு மாயம் எதுவும் தேவையில்லை. மூச்சு மெதுவாகவும் சீராகவும் அமையும்போது, ஆபத்து வேளையில் உடலை முடுக்கிவிடும் நரம்புத் தொகுதி தணிகின்றது. ஓய்வுக்கும் சமிபாட்டுக்கும் உரிய நரம்புத் தொகுதி மேலோங்குகின்றது. இதயத் துடிப்பு அமைதியடைகின்றது, தசைகள் தளர்கின்றன. முதியோருக்கு மெதுவான அசைவுகள் கால்களுக்கு வலுவையும் சமநிலையையும் தருகின்றன.

எனினும் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வகை ஆய்வுகள் பலவற்றில் பங்கேற்றோர் தொகை சிறியது. பயிற்சி முறைகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. புற்றுநோயைக் கரைக்கும், இன்சுலினை நிறுத்தலாம் என்பன போன்ற விளம்பரங்களுக்கு ஆதாரமில்லை. சீகோங் மருந்துக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது.

முன்னோர் வகுத்த நிபந்தனைகள்

பயிற்சியின் நுட்பத்தை மட்டும் கற்பிப்பது இக்காலத்து வழக்கம். பழைய ஆசிரியர்கள் நுட்பத்துக்கு முன்னர் சூழலையே பேசினர்.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன பௌத்த ஆசான் ஜீயி (538-597), தியானம் கைகூட முதலில் அமைய வேண்டியவையென ஐந்தைக் குறிப்பிட்டார். ஒழுக்கம் தூய்மையாக இருத்தல், உணவும் உடையும் போதியளவு கிடைத்தல், அமைதியான இடத்தில் இருத்தல், உலக அலுவல்களிலிருந்து சற்று விடுபடுதல், நல்லாசிரியரின் துணை ஆகியவையே அவை. அடுத்து உணவு, தூக்கம், உடல், மூச்சு, மனம் ஆகிய ஐந்தையும் சீராக்கும்படி கூறினார். இவ்வைந்தில் இறுதி மூன்றும், அதாவது உடலையும் மூச்சையும் மனத்தையும் ஒழுங்குபடுத்துதல், இன்றும் சீகோங் பாடத்தின் அடிப்படையாக விளங்குகின்றன. முதலிரண்டான உணவும் தூக்கமும் பாடத்திலிருந்து மெல்ல நழுவிவிட்டன. வயிற்றுப் பசியோடும் தூக்கமற்ற கண்களோடும் இருப்பவனை மூச்சைக் கவனி என்று சொல்வதில் பயனில்லை என்பதை ஜீயி அறிந்திருந்தார்.

இந்திய மரபும் இதனையே கூறுகின்றது. பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, பயிற்சியைக் கெடுப்பன ஆறு என்கின்றது. மிகையான உணவு, மிகையான உழைப்பு, வீண்பேச்சு, விதிகளை வெறியோடு பற்றுதல், வேண்டாத கூட்டம், மனச்சபலம் என்பன அவை. அந்நூல் பயிற்சிக்குரிய சிறு குடிலைப் பற்றிப் பேசுமிடத்து, அக்குடில் அமைய வேண்டிய நாட்டைப் பற்றியும் பேசுகின்றது. நல்லாட்சியும் அறமும் உணவு வளமும் கொண்ட, தொல்லைகளற்ற நாடாக அது இருத்தல் வேண்டுமாம். மூச்சுப் பயிற்சி நூலொன்று ஆட்சியைப் பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இரவில் கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சி வாழ்ந்த மக்களுக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகையாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகையாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்கின்றது. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கும்போது, மூச்சை ஆளும் பிராணாயாமத்துக்கு முன்னர் இயமத்தையும் நியமத்தையும் வைக்கின்றது. ஒழுக்கமும் ஒழுங்கும் முதலில், மூச்சு பின்னர் என்பதே அவ்வரிசை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகின்றது. வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒதுக்கி, மற்றொரு பங்கை மூச்சுக்காக விட்டுவைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக வரும் நபிமொழியும் இங்கு நினைவுகூரத்தக்கது. மார்க்கங்கள் வேறாயினும் மூச்சுக்கு இடம் வேண்டும் என்பதில் அவை ஒன்றுபடுகின்றன.

நம் மண்ணின் அனுபவம்

வாழைச்சேனையில் சீகோங்குக்கு நீண்ட வரலாறு இல்லை. கிழக்கில் வழங்கிய தற்காப்புக் கலையொன்று ‘சீனடி’ எனப்படுவதால், சீனத்தின் பெயர் மட்டும் நம் மூதாதையருக்குப் பழக்கமானதே. ஆயினும் சீகோங்கின் உட்பொருளான மூச்சும் தளர்வும் அமைதியும் வடகிழக்கில் நன்கு பரிசோதிக்கப்பட்டுள்ளன. அவ்வனுபவங்களே நமக்குச் சிறந்த பாடங்கள்.

கடற்கோள் நிகழ்ந்து சில வாரங்களில், வடகிழக்கின் நலன்புரி முகாமொன்றில் 8 முதல் 14 வயது வரையான 31 சிறுவர்களுக்கு இரு வகைச் சிகிச்சைகள் வழங்கப்பட்டன. ஒரு பகுதியினர் தம் வாழ்க்கை அனுபவத்தை முழுமையாக எடுத்துரைக்கும் சிகிச்சையைப் பெற்றனர். மற்றையோருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. இரண்டும் தலா ஆறு அமர்வுகள். ஆறு மாதங்களின் பின்னர் முதற் பிரிவில் 81 வீதமானோரும் இரண்டாம் பிரிவில் 71 வீதமானோரும் நெருக்கீட்டு நோயிலிருந்து மீண்டிருந்தனர். 2009இல் வெளியான இவ்வாய்வில் சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இருக்கவில்லை. ஆதலால் காலப்போக்கில் இயல்பாகவே மீண்டோர் எத்தனை பேர் என்பதைப் பிரித்தறிய முடியாது. ஆயினும் ஒரு செய்தி தெளிவானது. இச்சிகிச்சையை வழங்கியவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர்; பயிற்றப்பட்ட உள்ளூர் ஆசிரிய உளவளத்துணையாளர்களே. சிறுவர்களின் மொழி தெரிந்த, அவர்களது ஊர் தெரிந்த ஆசிரியர் இருந்தமை அப்பயிற்சிக்கு அமைந்த முதற் சூழலாகும்.

அதே கடற்கோளால் பாதிக்கப்பட்ட தமிழ்நாட்டு முகாம்களில் 183 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வும், யோக மூச்சுப் பயிற்சி பெற்றோரிடம் ஆறு வாரங்களில் நெருக்கீட்டு அறிகுறிகளும் மனச்சோர்வும் கணிசமாகக் குறைந்ததைக் கண்டது.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியோரும் மேற்கொண்ட அணுகுமுறை நமக்கு மேலும் நெருக்கமானது. யுத்தத்தால் பாதிக்கப்பட்டோருக்குத் தளர்வுப் பயிற்சியை அவர்கள் ஒரே அச்சில் வார்த்துக் கொடுக்கவில்லை. இந்துக்களுக்கு ஜபமும் சாந்தியாசனமும், முஸ்லிம்களுக்குத் திக்ரு, கத்தோலிக்கருக்குச் செபமாலை, பௌத்தருக்கு ஆனாபானசதி என, அவரவர் மரபில் ஏற்கெனவே இருந்த அமைதி வழியையே சிகிச்சையின் கருவியாக்கினர். அந்நியமாகத் தோன்றும் பயிற்சியை மனம் ஏற்பதில்லை என்ற உண்மையை அடியொற்றிய முறை அது.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வேறொரு பாடத்தைத் தருகின்றது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் சிறுவர்கள் அங்கு ஒன்றாக அழைத்து வரப்பட்டு, ஓவியம், களிமண், கதை, நாடகம் ஆகியவற்றில் மாதக்கணக்கில் ஈடுபடுத்தப்பட்டனர். அங்கு மூச்சுப் பயிற்சி முதன்மையாக இருக்கவில்லை. முதன்மையாக இருந்தது பாதுகாப்பான ஓரிடம். மரமும் நீரும் சூழ்ந்த, எவரும் அதட்டாத, மீண்டும் மீண்டும் வந்துசேரக்கூடிய இடம். இத்தகைய இடம் அமைந்தால், மனம் தானாகவே தளரத் தொடங்கும் என்பதை அப்பூங்கா உணர்த்திற்று.

மார்க்கத்துக்கு முரணானதா?

இக்கேள்வி நம் வாசகர் பலரின் உள்ளத்தில் எழுவது இயல்பே. சீகோங்கின் சில பிரிவுகள் தாவோயிச, பௌத்த நம்பிக்கைகளோடு பிணைந்துள்ளன. அவ்வாறே யோகத்தின் சில பகுதிகள் இந்து வழிபாட்டோடு பிணைந்துள்ளன. நம்பிக்கைக்குரிய மந்திரத்தையோ உருவத்தையோ ஏற்க விரும்பாத ஒருவரை வற்புறுத்துவது தவறு. அவ்வாறு வற்புறுத்தப்படும் இடத்தில் பயிற்சி பலன் தருவதுமில்லை. மனம் ஒருபுறம் மறுக்க, உடல் மறுபுறம் பணியும் நிலையில் அமைதி எவ்வாறு வரும்?

ஆனால் மூச்சும் அசைவும் எந்தவொரு மதத்தினதும் தனியுடைமை அல்ல. இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வொன்று, செபமாலைச் செபத்தை இலத்தீனில் ஓதும்போதும் யோக மந்திரமொன்றை ஓதும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற ஒரே வேகத்துக்கு இறங்கி, இதயத் துடிப்பின் ஒழுங்கும் சீராவதைக் கண்டது. இரு மதங்களின் இரு மொழிகள் உடலில் ஒரே தாளத்தை எழுப்பின. சீனாவில் ஹுய் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாகத் தற்காப்புக் கலைகளைத் தம் மார்க்கத்தோடு முரண்பாடின்றிப் பேணி வந்துள்ளமையும் நோக்கத்தக்கது. ஆகவே பயிற்றுவிப்போர் அசைவையும் மூச்சையும் மட்டும் கற்பித்து, மனத்தை எதில் நிறுத்துவது என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவதே முறை. ஐயமுள்ளோர் தம் ஊர் உலமாக்களிடமும் மதப் பெரியோரிடமும் தெளிவு பெறலாம்.

நடைமுறையில் வேண்டியவை

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், வாழைச்சேனை போன்ற பிரதேசத்தில் பயிற்சி வெற்றிபெற ஆறு நிபந்தனைகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, இடம். பாசிக்குடாவின் காலைக் கடற்கரை அழகானதுதான். ஆயினும் தளர்ந்த மணலில் முதியோரின் கால் நிலைகொள்ளாது, சமதரையே ஏற்றது. வாவியோரத்தில் விடியலிலும் மாலையிலும் நுளம்புத் தொல்லை உண்டு. டெங்கு பரவும் காலத்தில் அது ஆபத்துமாகும். மாரிமழையில் மைதானங்கள் நீரில் மூழ்கிவிடும். எனவே கூரையும் காற்றோட்டமும் உள்ள பொது மண்டபமே ஆண்டு முழுவதற்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருவோர் அச்சமின்றி வந்துபோகக்கூடிய இடமாக அது இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, காலம். விடியற்காலையே சிறந்தது எனப் பயிற்சி நூல்கள் கூறுகின்றன. ஆனால் இரவெல்லாம் கடலில் கழித்த மீனவருக்கு விடியற்காலை உறங்கும் நேரம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்க்கு அது அடுப்படி நேரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெப்பம் பயிற்சிக்கு உதவாது. ஏற்கெனவே நாளை வகுத்துத் தந்துள்ள வழக்கத்தோடு பயிற்சியைப் பொருத்துவதே எளிது. சுபஹ் தொழுகைக்குப் பின்னரான கால் மணி நேரமோ, மாலைப் பூசைக்கு முந்திய கால் மணி நேரமோ, எதுவாயினும் தினமும் அதே வேளையாக இருத்தல் முக்கியம். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்வதிலும் பார்க்க, நாள்தோறும் பத்து நிமிடம் செய்வது மேலானது.

மூன்றாவது, உணவும் ஓய்வும். உண்டவுடன் பயிற்சி கூடாது. கடும் பசியோடும் கூடாது. றமழான் நோன்பு காலத்திலும் இந்துக்களின் விரத காலங்களிலும் உடல் நீரிழக்கும்படியான அசைவுகளைத் தவிர்த்து, அமர்ந்து செய்யும் மென்மையான மூச்சோடு நிறுத்திக்கொள்ளலாம். நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளர் தம் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

நான்காவது, அளவு. மூச்சை அடக்குவதும் வலிந்து இழுப்பதும் தொடக்கநிலையினருக்கு உரியவையல்ல. தோள்கள் தளர, முழங்கால் சற்றே மடிய, மூச்சு மூக்கினூடாக இயல்பாக வந்து வயிறு மெல்ல எழுந்து தாழ்ந்தால் போதுமானது. தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்தி அமர வேண்டும்.

ஐந்தாவது, ஆசிரியர். மட்டக்களப்புக் கூத்து மரபை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. சட்டம் கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை, மாதக்கணக்கில் இரவு தோறும் களரியில் நின்று, ஒவ்வொருவரின் ஆட்டத்தையும் பார்த்துத் திருத்துபவர் அண்ணாவியார். காணொளியிலுள்ள ஆசிரியர் நம்மைப் பார்ப்பதில்லை. நம் முழங்கால் தவறாக மடிவதையும் முகம் வெளிறுவதையும் அவர் அறியார். நல்லாசிரியர் தன் எல்லையை அறிந்தவராகவும், மருந்தை நிறுத்தச் சொல்லாதவராகவும், அதிசயங்களை விற்காதவராகவும் இருப்பார்.

ஆறாவது, குழு. தனியாகத் தொடங்குவோர் விரைவில் கைவிடுகின்றனர். பத்துப் பேர் ஒன்றுகூடும் இடத்தில், வராதவரை விசாரிக்க ஒருவர் இருப்பார். யுத்தத்தில் உறவினரை இழந்தோருக்கும், பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்துப்போன முதியோருக்கும் அவ்விசாரிப்பே பாதி மருந்து.

இங்கு பெண்களின் நிலையைத் தனியாகக் குறிப்பிட வேண்டியுள்ளது. கடற்கரையும் மைதானமும் நடைமுறையில் ஆண்களுக்கே உரியனவாக உள்ளன. இரண்டறை வீட்டில் பத்து நிமிடத் தனிமை கிடைப்பது பல பெண்களுக்கு அரிது. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பிய பெண்களும், கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் சுமக்கும் பாரம் பெரிது. அவர்களுக்கென மறைவும் பாதுகாப்பும் கொண்ட தனியிடமும் பெண் பயிற்றுநரும் இல்லாதவிடத்து, பயிற்சி பற்றிய அறிவுரை வெறும் சொல்லாகவே முடியும். பாடசாலை நேரத்துக்குப் பிந்திய வகுப்பறைகள், முன்பள்ளிக் கட்டடங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்க மண்டபங்கள் ஆகியவை இதற்குப் பயன்படக்கூடும்.

எச்சரிக்கைக்கு உரியோர்

சீகோங் எல்லோருக்கும் தீங்கற்றது என்ற எண்ணம் தவறானது. அளவுமீறிய பயிற்சியினால் மனம் பிறழ்வதைச் சீனர்களே நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலும், சீகோங் சார்ந்த மனப்பிறழ்வைக் கலாசாரஞ்சார் நோய்நிலைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. முன்னர் தீவிர மனநோய்க்கு உள்ளானோர் நீண்ட நேர உள்முகத் தியானத்தைத் தவிர்த்தல் வேண்டும். இதய நோயாளர், கட்டுப்பாடற்ற குருதியமுக்கம் உள்ளோர், கர்ப்பிணிகள், அண்மையில் சத்திரசிகிச்சைக்கு உள்ளானோர் ஆகியோர் வைத்திய ஆலோசனையின்றித் தொடங்கலாகாது.

யுத்தத்தையும் கடற்கோளையும் கண்டவர்கள் பற்றி மேலும் ஒரு குறிப்பு. கண்களை மூடி அசையாது அமரச் சொல்லும்போது, சிலருக்கு அமைதிக்குப் பதிலாக அந்த நாள் திரும்பி வருகின்றது. அலையின் இரைச்சல் ஒருவருக்குத் தாலாட்டு, மற்றொருவருக்கு 2004. அத்தகையோர் கண்களைத் திறந்தவாறே, நின்று அசையும் பயிற்சிகளில் தொடங்கலாம். விரும்பிய கணத்தில் நிறுத்தும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. தூக்கமின்மையும் அச்சமும் தொடர்ந்தால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுவதே சரியான வழி. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இதற்கென உள்ளது.

பொறுப்பு யாருடையது?

மேற்கூறிய நிபந்தனைகளை மீண்டும் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அவற்றுள் தனிமனிதரின் கையில் உள்ளவை சிலவே. உண்ணும் அளவும் மூச்சின் நிதானமும் அவருடையவை. பாதுகாப்பான இடம், பயிற்றப்பட்ட ஆசிரியர், கிடைக்கும் ஓய்வு நேரம், அச்சமற்ற அயல் ஆகியவை சமூகத்தின் கையில் உள்ளன. அவற்றை அமைத்துக் கொடுக்காமல், பயிற்சி செய்யவில்லையே என ஏழையைக் குறைகூறுவது நியாயமன்று.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. பிரதேச சபைகள் தம் மண்டபங்களைக் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் திறந்துவிடலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள், நீரிழிவு, குருதியமுக்க நோயாளருக்கான சிகிச்சை நாட்களில் கால் மணி நேர மூச்சுப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். யோகமும் பிராணாயாமமும் சித்த மருத்துவ மரபில் அடங்கியவை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அம்மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. அங்கு கற்று வெளியேறும் வைத்தியர்களைக் கொண்டு ஊர்தோறும் பயிற்றுநரை உருவாக்கலாம். கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் தத்தம் மக்களுக்கு ஏற்ற முறையில் இடமளிக்கலாம். 1956இல் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் இரு சமூகத்தவரும் அருகருகே நின்று வேலை செய்த காலம் ஒன்றிருந்தது. உடல்நலத்துக்காக ஒரே மண்டபத்தில் அருகருகே நிற்பது அதைவிடக் கடினமானதன்று.

தொல்லைகளற்ற நாடு வேண்டும் என ஹடயோகப் பிரதீபிகை விதித்த நிபந்தனையே இவற்றுள் அடிப்படையானது. அண்டை வீட்டாரை ஐயத்தோடு நோக்கும் ஊரில் எவருடைய மூச்சும் ஆழமாக இறங்குவதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட அச்சத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முயற்சியும், சந்தையில் ஏற்படும் சிறு சச்சரவை வதந்தியாக வளரவிடாது தடுக்கும் ஒவ்வொரு பெரியவரும், இரு தரப்புச் சிறுவரையும் ஒரே விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துவரும் ஒவ்வோர் ஆசிரியரும் நம் மக்களின் நெஞ்சை இலகுவாக்குகின்றனர். மூச்சுப் பயிற்சியின் முதற் பாடம் அங்கேயே தொடங்குகின்றது. அதனைக் கற்பிக்கும் கடமையிலிருந்து அரசும் அரசியல் தலைமைகளும் மதத் தலைவர்களும் விலகி நிற்க முடியாது.